மிளாவின் வலது காது

இடது காது இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது, வலதுதான் வம்பு பண்ணுகிறது. லைனரை உள்ளே தள்ளினால் முக்கால்வாசி தூரம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு போகிறது, நுனிக்கு இன்னும் ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றுகொள்கிறது. பலவந்தப்படுத்தினால் ஓரத்தில் தோல் கிழியும், கிழிந்தால் வேறு தோலுக்கு எங்கே போவது, கடையில் கிடைக்கிற சாமானா இது. மலையடிவாரத்து விலங்கு மறுவாழ்வு மையத்தில் பதினாறு வருஷம் அகத்திக்கீரை தின்று வயசாகிச் செத்த பெண் மிளா, மான் ஜாதியில் பெரியது. பாடம் பண்ணி அந்த மையத்திலேயே நிறுத்திவைக்கலாம் என்று அனுமதிக் கடிதம் வருவதற்குப் பதினாலு மாசம் ஆயிற்று. அதுவரை தோல் எங்கள் அருங்காட்சியகத்து ஃப்ரீசரில் சுருட்டி வைத்தபடி கிடந்தது, கரண்ட் போகும்போதெல்லாம் ஓடிப்போய்க் கதவைத் தொட்டுப் பார்ப்பேன். ஆவுடையப்பன் கையால் பண்ணினால்தான் உயிரோடு நிற்கிற மாதிரி இருக்கும் என்று வன அலுவலர் இயக்குநரிடம் சொன்னாராம், இயக்குநர் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அந்தக் கை இப்போது ஒரு காதுக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. சரி, வெளியே எடு. அவசரப்படாதே. ஓரத்தை உப்புத்தாளால் இன்னும் கொஞ்சம் தேய். தேய்க்கிறேன். விரலுக்கு அதிர்வு தெரிகிறது, தாள் சூடாவது தெரிகிறது, வெள்ளைத் தூள் வேட்டியில் விழுவது தெரிகிறது. சத்தம் மட்டும் பாதிதான். இடது பக்கம் கர்ர் கர்ர் என்று கேட்கிறது, வலது பக்கம் யாரோ பஞ்சை வைத்து அடைத்த மாதிரி ஒன்றும் இல்லை.

காது என்பது இரண்டு தோல், நடுவில் ஒரு குருத்தெலும்பு, அவ்வளவுதான். செத்த பிறகு அந்த எலும்பு சுருங்கி, காதை மோர்மிளகாய் மாதிரி முறுக்கிவிடும். அதனால் காதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, எலும்பை உரித்து எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் செய்த மெல்லிய பிளாஸ்டிக்கைச் செருகிப் பசை போட்டு ஒட்டுகிறோம். அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பெயர்தான் லைனர். தலையணைக்கு உறை போடுகிற மாதிரிதானே என்று சங்கரவடிவு ஒரு நாள் கேட்டாள். என் பெண்டாட்டிக்கு எதையும் அடுக்களைக்குள் கொண்டுவந்துவிடத் தெரியும். தலையணை உறைக்குள் காற்று நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. காதுக்குள் நின்றால், பத்து நாளில் காயும்போது தோல் லைனரை விட்டு எழும்பிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆறு மாசம் கழித்து வெடித்து, மடங்கி, பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் இது என்ன சொறி பிடித்த மான் என்று கேட்கிற அளவுக்கு வந்த பிறகுதான் தெரியும். அதனால் காய்கிற பத்து நாளும் காலையில் வந்தவுடன் நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் கெட்டியாக ஒரு சத்தம், எழும்பியிருந்தால் அப்பளத்தைத் தட்டின மாதிரி பொக்கென்று ஒரு சத்தம். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விரலால் முடியாது, காதால்தான் முடியும். எனக்கு இரண்டு வருஷமாக அந்த இரண்டு சத்தமும் ஒன்றுதான். நன்றாயிருக்கிறதா கதை. காது கேட்காதவன் மிளாவுக்குக் காது வைக்கிறான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ், அதை மானமாக முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன். எல்லாருக்கும் வருகிறதுதானே வயசில். ஆனால் பாட்டுக்காரனுக்கு வந்தால் தெரிந்துவிடும், வாத்தியாருக்கு வந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும், தோலில் வைக்கோலையும் பசையையும் வைத்து வேலை செய்கிறவனுக்கு வந்தால் யாருக்குத் தெரியும். பக்கத்து மேஜைக்காரிக்குத் தெரியும். ஜெபக்கனி ஒருத்திதான் பதினொரு வருஷமாக இந்த அறையில் எனக்கு வலது பக்கத்து மேஜை. அவளுக்குப் பறவைகள், எனக்கு மிருகங்கள். அவளுக்கு உத்தியோக உயர்வு கொடுத்துச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள், திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர வேண்டும். இன்று வெள்ளி. இப்போது அங்கே உட்கார்ந்து மேஜை டிராயரைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு கத்தரியாகப் பழைய துணியில் சுற்றுகிறாள். போன வாரம் ஆர்டர் நகலைப் பார்த்தபோது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இனிமேல் பார்க்க ஆள் இல்லை என்கிற நிம்மதி. வாழ்த்துச் சொன்னேன், மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகு அந்த நிம்மதியே பயமாக மாறிவிட்டது, ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் விளங்கவில்லை. தேய்த்தது போதும், ஊது, துடை, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால்தான் பசை பிடிக்கும்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. போனேன், சங்கரவடிவுக்குத் தெரியாமல். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது அமுக்கணும் ஐயா, எவ்வளவு சின்னச் சத்தமாக இருந்தாலும் அமுக்குங்க என்றது அந்தப் பொண்ணு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அது மெஷினைத் திருகியது. கை மறைவாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷமாகத் தோலுக்கு அடியில் எந்தத் தசை எங்கே இழுக்கும் என்று பார்த்தே பிழைத்தவன் நான். அது பொத்தானை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பு லேசாக எழும்பியது. எழும்பினால் நானும் அமுக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் காப்பி அடித்ததில்லை, ஐம்பத்தாறு வயசில் அடித்தேன். வயசுக்கு இது பரவாயில்லை, லேசான குறைதான், காது மெஷின் எல்லாம் வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஜெயித்துவிட்ட மாதிரி வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு சர்பத் குடித்தேன். யாரை ஜெயித்தேன் என்று பஸ் ஏறின பிறகுதான் தோன்றியது. மடையன். அந்த ரிப்போர்ட் இன்னும் பீரோவில் எல்.ஐ.சி. பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது, மனசு கேட்காதபோது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், லேசான குறைதான் என்று ஒரு டாக்டரே சொல்லியிருக்கிறார் பார் என்று எனக்கு நானே காட்டிக்கொள்கிறேன்.

போயிற்று. நுனி வரை போயிற்று. பசையில்லாமல் ஒத்திகை பார்த்ததில் ஓரத்துக்கு ஓரம் சரியாக உட்கார்கிறது. இனிமேல்தான் உண்மையான வேலை. பேஸ்டைக் குழைத்தால் முக்கால் மணி நேரம், அதற்குள் முடிக்க வேண்டும், அப்புறம் அது யார் சொன்னாலும் கேட்காது. தூரிகையால் காதுக்குள்ளே நுனி வரை தடவு, லைனருக்கு இரண்டு பக்கமும் தடவு, செருகு, மெதுவாக, நுனியிலிருந்து அடிவரை கட்டைவிரலால் நீவி, காற்றையும் மிச்சப் பசையையும் கீழே தள்ளு. நீவுகிறேன். குளிர்ந்துபோன காது என் விரல் சூட்டில் இளகிவருகிறது. மிளாவுக்குக் காது பெரிது, என் உள்ளங்கை கொள்ளாது. காட்டில் மற்ற மிருகங்களுக்குப் புலி வருகிறது என்று தெரிவிக்கிறதே இதுதான், முன்னங்காலைத் தரையில் தட்டிக் குரல் கொடுக்கும், அதற்கு முன்னால் காது திரும்பும். ஒரு காதை முன்னால் வைத்து ஒரு காதைப் பின்னால் திருப்பி இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கேட்கும். இதற்கு அப்படித்தான் வைக்கப்போகிறேன், இடது முன்னால், வலது பின்னால். பார்க்கிறவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்னவோ வருகிறது என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கத் தோன்ற வேண்டும். எனக்குப் பின்னால் வந்து நின்றால் எனக்குத் தெரிவதில்லை. போன மாசம் பைக் ஒன்று உரசிக்கொண்டு போயிற்று, ஹார்ன் அடிச்சா காதுல விழலையாவே என்று அவன் கத்தியது இடது காதில் நன்றாக விழுந்தது. வீட்டிலும் இதே கதைதான். குளித்துவிட்டு வந்து, குக்கர் எத்தனை விசில் வந்துச்சு என்று சங்கரவடிவு கேட்பாள், மூணு என்பேன், பருப்பு அடிப்பிடித்துக் கிடக்கும். ஒரு மனுசனுக்கு இது கூடவா கவனமில்ல, எப்பப் பாத்தாலும் செத்த மானையே நெனச்சிக்கிட்டு இருங்க என்பாள். கவனமில்லாதவன் என்று பெயர் வாங்குவது செவிடன் என்று வாங்குவதைவிட எனக்குச் சுலபமாக இருக்கிறது. இதற்கு அவள் எவ்வளவு தண்டம் கட்டுகிறாள் என்று நான் யோசிக்கிறதில்லை, யோசித்தால் தூக்கம் வராது.

மேஜையில் இருக்கிற தாள் ஆடாமல் நின்றுவிட்டது. அப்படியென்றால் ஃபேன் நின்றிருக்கிறது, கரண்ட் போயிருக்கிறது. ஜெபக்கனி ஏதோ சொல்லிவிட்டுச் சன்னலைத் திறக்கிறாள், நானும் ஆமா ஆமா என்கிறேன். இருக்கட்டும். இப்போது திருப்பம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், காதின் அடி எந்த இடத்தில் மண்டையில் போய்ச் சேர்கிறது என்று. போன வருஷம் நான் முடித்த ஆண் மிளா அந்த மூலையில் துணி போர்த்தி நிற்கிறது, பக்கத்தில் புள்ளிமான், இரண்டும் வன அலுவலகத்துக் கண்காட்சிக்குக் காத்திருக்கின்றன. அதன் வலது காதும் பின்னால் திரும்பியதுதான். எழுந்து போய்த் துணியை விலக்கி, டார்ச் அடித்து, காதுக்குள் இருக்கிற வெள்ளை மயிரை விரலால் ஒதுக்கி அளவு பார்க்கிறேன். நல்ல காது. நானே சொல்லக் கூடாது, ஆனால் நல்ல காது. இது என்ன. மயிருக்கு அடியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு பொட்டு, காய்ந்த பசைத் துளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இன்னும் ஒன்று. வரிசையாக. ஊசி குத்தின இடங்கள். தோல் எழும்பினால் அதைச் சரிபண்ண ஒரே வழி இதுதான், எழும்பின இடத்தில் ஊசியால் பசையை ஏற்றி, அமுக்கி, அட்டை வைத்துக் கட்டுவது. நான் இந்தக் காதுக்கு ஊசி போடவில்லை. எண்ணுகிறேன், ஒன்பது. இடது காதில் மூன்று. புள்ளிமானையும் திறந்து பார்க்கிறேன், அதில் இரண்டு. மயிர் படிகிற திசை பார்த்துக் குத்தி, பசையைத் துடைத்து, மறுபடியும் சீவி விட்டிருக்கிறது. இந்த ஊரில் இப்படிக் குத்தத் தெரிந்த கை என்னுடையது ஒன்று, இன்னொன்று அந்த மேஜையில் உட்கார்ந்து கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்லப்போவதில்லை. என் மானைத் தொட இவள் யார். பதினொரு வருஷத்தில் ஒரு நாள் நான் இவளுடைய கொக்கையும் கூகையையும் தொட்டிருப்பேனா. காது கொதிக்கிறது, இரண்டு காதும் கொதிக்கின்றன, அதற்கு மட்டும் வலது இடது வித்தியாசம் இல்லை. கோபத்துக்குப் பின்னாலேயே, ஊர்வலத்தில் கடைசியாக வருகிற ஆள் மாதிரி, போன வருஷத்து நாள் ஒன்று நினைவு வந்தது. ஆண் மிளாவைப் பார்க்க வந்த இயக்குநர் காதைத் தடவிப் பார்த்து, எப்படி சார் இவ்வளவு சுத்தமா என்றார். முப்பது வருஷத்துல எங்காது ஒண்ணுகூட எழும்புனதில்ல சார் என்றேன் நான். ஜெபக்கனி பக்கத்தில் டீ கிளாசோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது ஊசியும் அவளுக்குத் தெரியும், அவள் டீயைக் குடித்தாள். இரண்டு வருஷமாக நான் தினமும் காலையில் வந்து தட்டித் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டதெல்லாம், அவள் முந்தின நாளே தட்டிப் பார்த்துச் சரிபண்ணி வைத்ததை. காது எழும்பவில்லை, அதனால் எனக்குக் கேட்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதி ஏன் பயமாக மாறியது என்று இப்போது விளங்குகிறது. திங்கட்கிழமை முதல் இந்த அறையில் காது கேட்கிற ஆள் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால், பதினாலு மாசம் காத்திருந்த இந்தக் கிழவி மிளா பத்து நாளில் காய்ந்து, உள்ளே பொக்கையாகி, ஆறு மாசத்தில் மலையடிவாரத்தில் அத்தனை பேருக்கு முன்னால் வெடித்து நிற்கும். திறந்தால் நான் வெடித்து நிற்பேன். இது இரண்டில் ஒன்று. விரல் பேஸ்டில் ஒட்டுகிறது, இறுக ஆரம்பித்துவிட்டது, கால் மணி நேரம்கூட இல்லை. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காதைப் பிடித்துக்கொள்கிறேன். மிளாவின் காதைத்தான். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது.

"ஜெபக்கனி!"

எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரியவில்லை, அவள் கையிலிருந்த கத்தரி கீழே விழுகிறது. எழுந்து வந்து மேஜைக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக நிற்கிறாள். எப்போதுமே இப்படி நேராகத்தான் வந்து நிற்கிறாளோ, நான்தான் பார்க்கவில்லையோ.

"அந்த ஆண் மிளாவுக்கு எத்தன ஊசி போட்ட?"

மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் மூலையில் துணி விலகிக் கிடப்பதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வலதுல ஒம்பது சார், இடதுல மூணு. புள்ளிமானுக்கு ரெண்டுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா ஒனக்கு? பதினோரு வருசம் பக்கத்துல உக்காந்திருக்கே. திருட்டுத்தனமால்லா செஞ்சிருக்கே."

"சொன்னேன் சார்."

"எப்ப சொன்ன?"

"மூணு மட்டம் சொன்னேன். நீங்க இதே மாதிரி வேலையில குனிஞ்சிருந்திய, நான் எம்மேஜையில இருந்தே சொன்னேன். சார், காது எழும்பிருக்கு, ஊசி போட்டுரட்டுமான்னு கேட்டேன். சரி சரின்னு தலைய ஆட்டினிய. அப்புறம்தான் போட்டேன். மறுபடி கேட்டேன், மறுபடி ஆட்டினிய. மூணாவது மட்டம், புள்ளிமானுக்கு, சாருக்குக் கேக்குதான்னு சந்தேகம் வந்து, காது எழும்பல, ஊசி போட்டுரட்டுமான்னு மாத்திக் கேட்டுப் பாத்தேன். அதுக்கும் சரின்னிய. அதுக்குப் பிறகு நான் கேக்கல."

எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது, கையில் காது இருந்ததால் போக முடியவில்லை. தலையாட்டியிருக்கிறேன். எத்தனை தடவை எதெதற்கு ஆட்டியிருக்கிறேனோ. திருட்டுத்தனம் என்று வேறு சொன்னேனே இப்போது. வாயைத் திறந்தால் கண்ணீர் வந்துவிடும் என்று பயந்து காதை நுனியிலிருந்து அடிவரை ஒரு தடவை நீவினேன். அப்புறம் அதைச் சொன்னேன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளிடம்.

"எனக்கு வலதுல கேக்கல, ஜெபக்கனி. ரெண்டு வருசமாச்சு. இடதும் அவ்வளவு சரியில்ல."

"ஆமா சார்," என்கிறாள், மழை வரும்போல இருக்கு என்றதற்குச் சொல்லுகிற மாதிரி.

"நீ போயிட்டா இதை யாரு தட்டிப் பாக்க?"

"அக்காவக் கூட்டிட்டு வாங்க. பத்து நாளு, காலையில ஒரு அஞ்சு நிமிசம். குக்கர் விசிலு அவங்களுக்கு நாலு வீடு தள்ளியே கேக்கும்னு நீங்கதான சொல்லுவிய. இந்தச் சத்தம் தெரிய ஒரு நாள் போதும், நானே நாளைக்குக் காலைல வந்து காட்டிக் கொடுத்துட்டு ரயில் ஏறுதேன். ஆனா மொதல்ல நீங்க அக்காட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

சங்கரவடிவை இந்தக் காதுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தட்டு, எனக்குக் கேட்காது என்று சொல்ல வேண்டும். அவள் என்ன செய்வாள். திட்டுவாள். முதலில் திட்டுவாள், அப்புறம் பருப்பு அடிப்பிடித்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள், எங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து போனேன், எங்கே அவள் அழுதுகொண்டு கேட்டதற்கு நான் பேப்பர் படித்துக்கொண்டு சரி என்றேன், எல்லாம் அவளுக்கு ஞாபகம் வரும். எனக்குத்தான் ஒன்றும் ஞாபகம் வராது, காதில் விழுந்தால்தானே ஞாபகம் இருக்கும். ஜெபக்கனி அட்டையும் கிளிப்பும் எடுத்து என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிறாள். அவளிடம் கேட்டுவிட வேண்டும், வீட்டில் கேட்பதற்கு முன்னால் இங்கே கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

"ஜெபக்கனி, இந்த ரெண்டு வருசத்துல நீ எங்கிட்ட வேற என்னெல்லாம் சொன்ன?"

அவள் தன்னுடைய ஸ்டூலை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, என் இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல அந்தக் காத முடிங்க சார், பேஸ்டு இறுகுது," என்றாள். "அப்புறம் சொல்லுதேன். நெறைய இருக்கு."